ஷார்ட் ஸ்திரீட், குவீன் ஸ்திரீட்: இரண்டு பள்ளிகளின் கதை

பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாடு போய்த் திரும்பும் சிங்கப்பூர் மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு கதைகள்தான் கிடைக்கும். அமெரிக்கா போனவர் சொல்வார்: "அங்க புரொஃபசரையே பேர் சொல்லிக் கூப்பிடலாம். 'எனக்கு அப்படித் தோணல'ன்னு கை தூக்கிச் சொன்னா அதுக்கும் மார்க் உண்டு." ஜப்பான் போனவர் சொல்வார்: "அங்க சின்னப் பிள்ளைங்களே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறாங்க. மணி அடிச்சா சத்தமே இல்ல." அமெரிக்கா என்றால் சுதந்திரம், ஜப்பான் என்றால் ஒழுங்கு. இரண்டு பெட்டி, இரண்டு சீட்டு. கோப்பிக்கடை மேசையில் இந்தப் பேச்சு எப்போதும் அங்கேயே முடிந்துவிடும்.

பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கப் பள்ளியையும் ஜப்பானியப் பள்ளியையும் ஒப்பிட நமக்கு விமானச்சீட்டு தேவையில்லை. இரண்டுமே இங்கே வந்திருக்கின்றன. தேக்கா சந்தையிலிருந்து சிலிகி சாலை வழியாக நடந்தால் சில நிமிடங்களில் ஷார்ட் ஸ்திரீட் வரும். அமெரிக்க மெதடிஸ்டுகள் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்த இடம் அது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் நடந்தால் குவீன் ஸ்திரீட். 1942இல் ஜப்பானியர் தங்கள் மொழிப்பள்ளியை அங்கே வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம் கால் மணி நேரம். காலத்தில் 55 ஆண்டு.

முதலில் ஒரு சங்கதி. ஜப்பானியப் பள்ளி என்று நாம் வியக்கும் அமைப்பே ஒருவகையில் அமெரிக்காவிடம் படித்த மாணவர்தான். 1871 டிசம்பரில் இவாகுரா தூதுக்குழு யோக்கஹாமாவிலிருந்து கப்பலேறியபோது கூடவே ஐந்து சிறுமிகளையும் அமெரிக்காவில் படிக்க அனுப்பினார்கள். அவர்களில் மிகச் சிறியவர் சுதா உமேக்கோ. அப்போது வயது ஆறு! வாஷிங்டன் பக்கம் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் வளர்ந்து 1882இல் திரும்பியபோது அவருக்குத் தாய்மொழி மறந்துபோயிருந்தது. வீட்டாரோடு பேசவே ஜப்பானிய மொழியைத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. 1900இல் டோக்கியோவில் பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். 2024இல் வெளியான 5,000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம்தான். பரிமாற்ற மாணவர் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அந்த அனுபவத்தின் விலையை முழுதாகக் கொடுத்த பிள்ளை அவர்.

மறுதிசையிலும் ஆட்கள் போனார்கள். ரட்கர்ஸ் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் டேவிட் மர்ரே 1873 முதல் 1879 வரை ஜப்பானியக் கல்வி அமைச்சின் ஆலோசகர். பாஸ்டனின் இசையாசிரியர் லூதர் வைட்டிங் மேசன் 1880இல் வந்து பள்ளிகளுக்கான பாட்டுப் புத்தகங்கள் உருவாக உதவினார். காலை வானொலி உடற்பயிற்சி இருக்கிறதே, ஜப்பானிய ஒழுங்கின் அடையாளமாக நாம் காணொளிகளில் பார்ப்பது, அதற்கும் முன்மாதிரி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்புறுதி நிறுவனம் ஒலிபரப்பிய உடற்பயிற்சி நிகழ்ச்சி. பாலிசிதாரர் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருந்தால் கம்பெனிக்கு லாபம். அந்த யோசனை 1928இல் ஜப்பானுக்கு வந்தது, 1942இல் ராணுவத்தோடு சிங்கப்பூருக்கும் வந்தது. நம் தாத்தா தலைமுறை பள்ளித் திடலில் கை காலை வீசிச் செய்த 'தாய்சோ'வின் மூதாதை ஓர் அமெரிக்கக் காப்புறுதி விளம்பரம் என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது.

ஆனால் வாங்கியதை வாங்கியபடியே வைத்துக்கொள்ளவில்லை. 1890இல் மெய்ஜி பேரரசர் பெயரில் கல்வி அரசாணை வந்தது. பள்ளிகளில் அதைச் சடங்குபோல வாசித்தார்கள். பிள்ளைகள் தலைகுனிந்து கேட்டார்கள். நாடு நெருக்கடிக்குள்ளானால் அரசனுக்காகத் துணிந்து தன்னைக் கொடுப்பது குடிமகனின் கடமை என்றது அது. அமெரிக்காவிடமிருந்து எடுத்த கட்டடத்துக்குள் வேறொரு சாமியை வைத்தார்கள் என்று சொல்லலாம்.

அமெரிக்கப் பள்ளி மட்டும் சாமி வைக்காமலா வந்தது?

தமிழர்களிடம் அமெரிக்கக் கல்வி வந்தது சிங்கப்பூருக்கும் முன்னால் யாழ்ப்பாணத்துக்கு. 1816இல் அங்கே பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் திறந்தது. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்கள் பள்ளி. தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் கணிதமும் வானியலும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஆசியாவில் இப்படிப்பட்ட பாடத்திட்டம் அபூர்வம். ஆனால் உள்ளே போன பிள்ளைகளில் பலருக்குப் பெயர் மாறியது. அமெரிக்காவில் எந்தப் புண்ணியவானாவது ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால் அவர் பெயரையோ அவர் விரும்பிய பெயரையோ இங்கே யாழ்ப்பாணத்துப் பையனுக்கு வைப்பார்கள். அப்படித்தான் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். சிறுப்பிட்டியிலிருந்து வந்த தாமோதரம் சார்ல்ஸ் வின்ஸ்லோ ஆனார்.

கடைசியில் சொன்னவரை இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. சி.வை. தாமோதரம்பிள்ளை. அந்த 'சி.வை.'யை நாம் சிறுப்பிட்டி வைரவநாதர் என்று விரிக்கிறோம். ஆங்கிலத்தில் அவர் சி. டபிள்யூ. என்றே எழுதப்பட்டார். ஒரே மனிதருக்கு இரண்டு மொழியில் இரண்டு முதலெழுத்து வரலாறு. செமினரி அவரைக் கிறிஸ்தவராக்க நினைத்தது. அவரோ அங்கே கற்ற முறைமையையும் ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர்: அவரும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவருமே வட்டுக்கோட்டை மாணவர்கள். பிறகு ஏடுகளைத் தேடித் தேடிப் பதிப்பித்தார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை.

இந்தக் கல்வியின் வெற்றியே அந்தப் பள்ளியை மூடவைத்தது என்பதுதான் வேடிக்கை. 1855இல் பாஸ்டன் தலைமையகம் செமினரியை மூட வைத்தது. காரணம், பிள்ளைகள் ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்களே தவிர ஊருக்குத் திரும்பிச் சுவிசேஷம் சொல்வதில்லை. முதலீடு வேறு, விளைச்சல் வேறு. மூடிய இரண்டாவது ஆண்டில்தான் அதன் மாணவர்கள் முதல் பட்டதாரிகளானார்கள் என்பதை அந்தக் கணக்குப் புத்தகத்தில் யார் எழுதியிருப்பார்கள்? 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரியாக மீண்டும் தொடங்கினார்கள். இப்படி ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார்தான் பின்னர் மலாயாவின் ரயில்வேக்கும் கிராணி வேலைக்கும் வந்தவர்கள். நம் தேசிய உறுதிமொழியை எழுதிய எஸ். ராஜரத்தினம் பிறந்த ஊரும் வட்டுக்கோட்டைதான். அவர் அங்கே படிக்கவில்லை, சிரம்பானில் வளர்ந்தவர். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எந்த வழியாக மலாயாவுக்கு வந்தார்கள் என்று கேட்டால் பதிலின் ஒரு பகுதி அந்தச் செமினரியில் இருக்கிறது.

சிங்கப்பூருக்கு அமெரிக்க மெதடிஸ்டுகள் நேராக அமெரிக்காவிலிருந்து வரவில்லை. இந்தியா வழியாக வந்தார்கள். 1885இல் இங்கு வந்து இறங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். இன்றைய மொழியில் வெளிநாட்டு மாணவர். வானியல் பற்றி அவர் ஆற்றிய உரையைக் கேட்ட சீன வணிகர் ஒருவர் தனக்கு ஆங்கிலம் சொல்லித்தரக் கேட்டார், அதிலிருந்து 1886 மார்ச்சில் அமோய் ஸ்திரீட் கடைவீடு ஒன்றில் 13 பையன்களோடு ஆங்கிலோ-சீனப் பள்ளி உருவானது.

பெண்பிள்ளைகளுக்கு? 1887 ஜூலையில் சோஃபியா பிளாக்மோர் வந்தார். ஆஸ்திரேலியப் பெண்மணி, ஆனால் அவரை அனுப்பியது அமெரிக்க மெதடிஸ்ட் பெண்களின் மிஷன் சங்கம். இங்கிருந்த இந்திய வணிகர்கள் சிலர் தங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்றார்கள். ஆகஸ்ட்டில் ஷார்ட் ஸ்திரீட் கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு பள்ளி ஆரம்பம். பெயர்ப்பலகையில்: தமிழ்ப் பெண்கள் பள்ளி. கலித்தொகை அச்சில் வந்த அதே ஆண்டு. ஓர் அமெரிக்கப் பள்ளி மூடிப்போனபின் அதன் மாணவர் ஒருவர் சங்கப்பாட்டை அச்சேற்றுகிறார். இன்னோர் அமெரிக்கப் பள்ளி சிங்கப்பூரில் ஒன்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கிறது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் இந்த ஆண்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் கை நின்றுபோனது.

அந்த ஒன்பது பேரின் முகங்களைத்தான் அறிய ஆசை. 1887இல் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையைத் தெருவில் நடக்கவைத்துப் பள்ளிக்கு அனுப்ப எந்த வீட்டில் என்ன வாக்குவாதம் நடந்ததோ. பள்ளி வளர்ந்தது. மற்ற இனப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள், ஆங்கிலம் முன்னால் வந்தது, பெயரிலிருந்து 'தமிழ்' கழன்றது. மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக மவுண்ட் சோஃபியா மேட்டில் பல பத்தாண்டு இருந்து 1992இல் பிளாக்மோர் டிரைவுக்குப் போய்விட்டது. இன்று பெற்றோர் ஆலாய்ப் பறக்கும் பள்ளிகளில் ஒன்று. அது தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது என்று சொன்னால் தமிழ்ப் பெற்றோரே "அப்படியா!" என்பார்கள். ஷார்ட் ஸ்திரீட்டில் மிஞ்சியிருப்பது தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை.

அமெரிக்கப் பள்ளி மாணவருக்குப் பெயரை மாற்றியது என்றால், ஜப்பானியப் பள்ளி ஊருக்கே பெயரை மாற்றியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஊர் 'சியோனான்தோ' ஆனது. ஆண்டு 2602 ஆனது, ஜப்பானியப் பேரரசு தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆண்டிலிருந்து எண்ணி. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளினார்கள். நிலநடுக்கோட்டுச் சூரியன் டோக்கியோவின் உத்தரவைக் கேட்குமா? கடிகாரம் எட்டு காட்டும்போதுதான் விடியும். பிள்ளைகள் இருட்டில் எழுந்து இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்பினார்கள்.

ஏப்ரலில் இருந்து பள்ளிகளைத் திரும்பத் திறந்தார்கள். காலையில் கிழக்கே பார்த்து அரண்மனைத் திசையில் வணக்கம், கிமிகாயோ, தாய்சோ, பிறகு கத்தகானா எழுத்து. ஆசிரியர்களுக்கும் வகுப்பு. பகலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிப்பொங்கோவை அவர்களே அப்போதுதான் கற்றார்கள். நாளாக நாளாகப் பாடம் குறைந்து தோட்டவேலை கூடியது. அரிசி இல்லை, ஆகவே திடலில் மரவள்ளி. வந்த பிள்ளைகளும் குறைவு. பயம் ஒன்று, பசி ஒன்று. தெருவில் காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணங்காவிட்டால் கன்னத்தில் அறை. வகுப்பறை வணக்கத்துக்கும் தெருமுனை வணக்கத்துக்கும் பிள்ளைகளால் வித்தியாசம் காண முடிந்திருக்காது.

குவீன் ஸ்திரீட் பள்ளி கொஞ்சம் வேறுவகை. பெரியவர்களுக்கான மொழிப்பள்ளி அது, பெயர் சியோனான் நிப்பொன் கக்குவென். முதல்வராக இருந்த ஜிம்போ கோத்தாரோ ஒரு கவிஞர். படையெடுப்போடு ஜப்பான் எழுத்தாளர்களையும் பிரசாரப் பிரிவில் சேர்த்து அனுப்பியது. அப்படி வந்தவர்களில் இன்னொருவர் இபுசே மசுஜி. இங்கே ஆக்கிரமிப்பு அரசின் ஆங்கில நாளேட்டைக் கவனித்துக்கொண்டார், இந்த ஊரை வைத்து ஒரு நாவலும் எழுதினார். இபுசே என்றால் 'கருப்பு மழை'. ஹிரோஷிமா பற்றிய அந்தப் பெரும் நாவலை 1960களில் எழுதியவர் 1942இல் நம்மூரில் ராணுவச் சம்பளத்தில் இருந்தார் என்பது இங்குள்ள வாசகர்களில் பலருக்குத் தெரியாது. குவீன் ஸ்திரீட்டில் மூன்று மாதம் படித்தவர்களில் 18 வயது லீ குவான் இயூவும் ஒருவர். ஜப்பானியத்தின் மேல் காதலால் அல்ல, பிழைக்க வேண்டுமே!

பக்கத்துத் தெரு வாட்டர்லூ ஸ்திரீட். 1943 அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் அங்கே திறந்தது. வந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். இந்திய தேசிய ராணுவத்தின் பொதுமொழி இந்துஸ்தானி, ரோமன் எழுத்தில். கணக்குப் பாருங்கள்: ஷார்ட் ஸ்திரீட்டில் ஆங்கிலம், குவீன் ஸ்திரீட்டில் ஜப்பானியம், வாட்டர்லூ ஸ்திரீட்டில் இந்துஸ்தானி. மூன்றும் தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில். மூன்றிலும் தமிழர்கள் உட்கார்ந்து வேறொரு மொழியைப் படித்தார்கள்.

இனி, ஜப்பானுக்கே போனவர்கள். 'நம்போ தொக்குபெத்சு ரியுகாக்குசேய்', அதாவது தென்பகுதிச் சிறப்பு மாணவர்கள் என்றொரு திட்டத்தில் 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தென்கிழக்காசியாவிலிருந்து 200க்கும் மேற்பட்ட இளைஞர்களை ஜப்பான் கூட்டிப்போனது. மலாயாவிலிருந்து போனவர்கள் மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகள். இந்தியப் பிள்ளைகளுக்கு இருந்தது இன்னொரு வழி. சுபாஷ் சந்திர போஸ் மலாயா, பர்மா இந்தியக் குடும்பங்களிலிருந்து 45 பேரைத் தேர்ந்தெடுத்து டோக்கியோவுக்கு அனுப்பினார். 35 பேர் தரைப்படைக் கழகத்துக்கு, 10 பேர் விமானப்படைக் கழகத்துக்கு. 'டோக்கியோ கேடட்டுகள்' என்று பெயர். பதின்ம வயதைத் தாண்டாத பையன்கள், குண்டு விழும் கடலைக் கடந்து போனார்கள். உலகில் எந்தப் பரிமாற்றத் திட்டத்துக்கும் இப்படியொரு பயணம் இருந்திருக்காது. 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்ததும் கழகமே இல்லாமல் போனது, பட்டம் வாங்காமலே திரும்பினார்கள். அவர்களில் ரங்கூன்காரரான ரமேஷ் பெனகல் பிறகு இந்திய விமானப்படையில் சேர்ந்து மகாவீர் சக்கரம் பெற்றார்.

மலாய் மாணவர்கள் சிலர் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை நிக் யூசோஃப் நகரில் இருந்தார். பிழைக்கவில்லை. சையது ஓமார் ஊர் திரும்பும் வழியில் கியோத்தோவில் செப்டம்பர் தொடக்கத்தில் கதிர்வீச்சால் இறந்தார். இருவரின் கல்லறைகளும் ஜப்பானில்தான் இருக்கின்றன. வகுப்பில் இருந்த பினாங்குக்காரர் அப்துல் ரசாக் இடிபாட்டிலிருந்து வெளியே வந்தார். மலேசியாவுக்குத் திரும்பி ஆசிரியரானார், பின்னாளில் மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்பித்தார். 2013இல், அவர் இறந்த ஆண்டில், ஹிரோஷிமா பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. அன்று உயிர்தப்பிய புருணை மாணவர் ஒருவர் பின்னர் தன் நாட்டின் தேசிய கீதத்துக்கு வரிகள் எழுதினார், முதலமைச்சராகவும் இருந்தார். அமெரிக்காவையும் ஜப்பானையும் ஒரே கணத்தில் உடம்பில் அனுபவித்த மாணவர்கள் என்றால் இவர்கள்தான். படித்தது ஜப்பானியப் பாடம். மேலே விழுந்தது அமெரிக்கக் குண்டு.

இதையெல்லாம் சாகசக்கதையாக எழுதிவிட்டுப் போகவும் முடியாது. டோக்கியோவுக்கு 45 பேர் போன அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில்பாதைக்குப் போனார்கள். திரும்பாதவர் எண்ணிக்கையும் பல்லாயிரம். அவர்கள் தெரிந்துகொண்ட ஜப்பானியம் சில அதட்டல்கள் மட்டும்தான். 'ஜப்பானிய ஒழுங்கு' என்று நாம் மெச்சிப் பேசும்போது தோட்டத்துக் குடும்பங்களில் இன்னும் ஒரு பெரியவர் முகம் சுளிப்பார். அதற்குக் காரணம் உண்டு.

இந்த இரண்டு பள்ளிகளையும் ஒரே ஆயுளில் பார்த்த தமிழர் ஒருவரைச் சொல்லச் சொன்னால் எஸ்.ஆர். நாதனைச் சொல்வேன். அதிபராக அல்ல, பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட பையனாக. 1924இல் பிறந்தவர். எட்டு வயதில் அப்பாவை இழந்தவர். மெதடிஸ்டுகளின் ஆங்கிலோ-சீனப் பள்ளியில் தொடக்கப் படிப்பு, பிறகு ஃபேரர் பார்க் பக்கத்து ரங்கூன் சாலைப் பள்ளி, விக்டோரியா பள்ளி. இரண்டு முறை பள்ளியைவிட்டு நீக்கினார்கள். 16 வயதில் அம்மாவோடு சண்டைபோட்டு வீட்டைவிட்டு ஓடினார். போர் வந்தபோது மூவாரில் இருந்தார். ஆங்கில-ஜப்பானிய அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே மொழியைக் கற்று ஜப்பானியச் சிவில் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளரானார்.

இதில் நமக்குச் சங்கடம் இருக்கிறது. ஆக்கிரமிப்புக்காரனுக்கு வேலை செய்தவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அவரே தன் நினைவுநூலில் அந்த நாட்களை மறைக்கவில்லை. என் பார்வையில், அந்த வயதில், அந்த ஊரில், பள்ளிச் சான்றிதழ் இல்லாத ஒரு தமிழ்ப் பையனுக்கு மொழிதான் ஒரே கைமுதல். எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளாதவன் தனக்குத்தானே பள்ளி நடத்திக்கொண்டான். போருக்குப் பிறகு அஞ்சல்வழியில் படித்து, பல்கலைக்கழகம் போய், 1955இல் மருத்துவ சமூகப் பணியாளராக அரசு வேலையில் சேர்ந்தார்.

1974 ஜனவரி 31இல் ஜப்பானியச் செம்படையைச் சேர்ந்த இருவரும் பாலஸ்தீன அமைப்பின் இருவரும் புலாவ் புக்கோம் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கிவிட்டு 'லாஜு' படகைக் கடத்தினார்கள். பணயக்கைதிகளுக்குப் பதிலாகக் குவைத்வரை கூடப்போன 13 சிங்கப்பூர் அதிகாரிகளுக்குத் தலைமை நாதன். 1990 முதல் 1996 வரை வாஷிங்டனில் சிங்கப்பூர்த் தூதர். சரியாக அந்த நடுவில், 1994இல், சிங்கப்பூர் அமெரிக்கப் பள்ளியில் படித்த 18 வயது மாணவர் கார்களில் சாயம் தெளித்த வழக்கில் பிரம்படித் தண்டனை பெற்றார். கிளின்டன் கேட்டுக்கொண்டபின் ஆறு அடி நான்கானது. அமெரிக்கப் பத்திரிகைகள் பொங்கின. பொதுமக்களில் ஒரு பகுதி "நம்ம பிள்ளைகளுக்கும் இப்படி ஏதாவது வேணும்" என்று சிங்கப்பூர்ப் பக்கம் நின்றது. சுதந்திரமா ஒழுங்கா என்ற அந்தப் பழைய பேச்சு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் ஓடியபோது, இந்த ஊரின் பதிலை அங்கே சொல்ல வேண்டியிருந்தவர் இரண்டு முறை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். ஒழுங்கை அவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார் என்று யோசித்ததுண்டு.

போருக்குப் பின் ஜப்பானும் திரும்ப மாணவனாக உட்கார்ந்தது. 1946இல் அமெரிக்கக் கல்விக்குழு போனது, 1947இல் புதிய கல்விச் சட்டம் வந்தது, ஆறு-மூன்று-மூன்று-நான்கு என்ற அமெரிக்கச் சாயல் படிநிலை வந்தது. 1890ஆம் ஆண்டு அரசாணையை 1948இல் நாடாளுமன்றம் செல்லாததாக்கியது. இன்று பரிமாற்ற மாணவர் பார்த்து வியக்கும் வகுப்பறை அந்தப் பழைய வழக்கங்களும் இந்தப் புதிய சட்டமும் சேர்ந்தது.

சிங்கப்பூர் இரண்டு பக்கமும் கை நீட்டி எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. 2016 இறுதிக்குள் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்கள் நாள்தோறும் துப்புரவு செய்ய வேண்டும் என்றது கல்வி அமைச்சு. பிள்ளை கையில் துடைப்பத்தைப் பார்த்த சில பாட்டிமார் பதறினார்கள். "துடைப்பம் பிடிக்கவா பள்ளிக்கூடம் அனுப்பினோம்?" அவர்களின் பதற்றத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. தோட்டத்திலும் துறைமுகத்திலும் தலைமுறை தலைமுறையாய்க் கூட்டிப் பெருக்கிய சனம், பிள்ளையைப் படிக்க அனுப்பியதே அந்தத் துடைப்பத்தைக் கீழே வைக்கத்தான். ஜப்பானியப் பிள்ளைக்கு அது ஒழுக்கப் பயிற்சி. நம் பாட்டிக்கு அது வேறொன்றை நினைவூட்டுகிறது. அமெரிக்கப் பக்கம் யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2011இல் தொடங்கிய யேல்-என்யுஎஸ் கல்லூரி 2025இல் தன் கடைசி மாணவர்களை அனுப்பிவிட்டு மூடியது.

மொழியைப் பொறுத்தவரை, 1978இல் அயல்மொழி நிலையம் தொடங்கியபோதே பட்டியலில் ஜப்பானியம் இருந்தது. தொடக்கநிலை இறுதித்தேர்வில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் மூன்றாம் மொழியாக எடுக்கலாம். பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் இல்லாத ஒரு நிபந்தனை ஜப்பானியத்துக்கு உண்டு: தேர்வில் சீனமொழி எடுத்திருக்க வேண்டும். கான்ஜி எழுத்துகள் இருப்பதால். காரணம் நியாயமானதுதான். ஆனால் தமிழைத் தாய்மொழியாக எடுத்த பிள்ளைக்கு அந்த வகுப்பின் கதவு திறப்பதில்லை. அந்தப் பிள்ளை தனியார் வகுப்பில் காசு கட்டிச் சேரலாம், அனிமே பார்த்துப் படிக்கலாம், மூவாரில் அந்தப் பையன் செய்ததுபோல ஓர் அகராதியும் வாங்கிக்கொள்ளலாம்.